நான் சொன்ன பூஜ்யம்

மணாலியிலிருந்து லே வரை மிதிவண்டியில் சென்றதைப் பற்றி எழுதும்படி நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உண்மையில் நான் லே வரை செல்லவில்லை. ஏழாம் நாள் நண்பகலில் என் பயணம் முடிந்துவிட்டது. அந்த ஏழாம் நாளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். ஓராண்டாக இதை எழுதாமல் வைத்திருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வாசித்து முடிக்கையில் அது விளங்கும்.

நாங்கள் ஒன்பது பேர். ஹைதராபாத்தில் ஒரே வளாகத்தில் வெவ்வேறு துறைகளில் படிப்பவர்கள். பெண்கள் இருவர்: நானும், வேதியியல் முதுகலை படிக்கும் பாலக்காட்டுப் பெண் ஒருத்தியும். குழுவிலேயே இளையவள் அவள்தான். குழுத்தலைவர் இயற்பியல் ஆய்வாளர். இந்தச் சாலையில் முன்பே இருமுறை மிதித்துச் சென்றவர். எங்கள் கூடாரங்களையும் உணவுப்பொருள்களையும் சுமந்துகொண்டு பின்னால் ஒரு டெம்போ வந்தது. அதன் ஓட்டுநர் ஐம்பது வயது மதிக்கத்தக்க லடாக்கியர்.

இரண்டாம் நாள் ரோத்தாங் ஏற்றத்தில் சக பயணி ஒருவர் என் வேகத்தைப் பார்த்துவிட்டு, "கஷ்டமாக இருந்தால் டெம்போவில் ஏறிக்கொள்ளலாமே, பெண்களுக்கு அதில் ஒன்றும் குறைவில்லை" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் அச்சொல் எனக்குள் ஒரு முள்ளாகத் தங்கிவிட்டது. சங்கரன்கோவிலுக்கு அருகே ஒரு சிற்றூரில், பதினோராம் வகுப்பில் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியில் தினமும் 14 கி.மீ. போய்வந்து படித்தவள் நான். மிதிவண்டியில் ஏறித்தான் நான் ஊரைவிட்டு வெளியே வந்தேன் என்று பலரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் டெம்போவில் ஏறுவதா என்ற எண்ணம், கடல்மட்டத்திலிருந்து 3,978 மீட்டர் உயரத்தில் மிக நியாயமானதாகத் தோன்றியது.

ஓட்டுநரோடு எனக்கு முதல் நாளிலேயே பழக்கம் ஏற்பட்டது. அதற்கு என் படிப்பே காரணம். மொழியியலில் முதுகலை முடித்து, இப்போது முனைவர்பட்டத்திற்கு ஆய்வு செய்யும் எனக்கு லடாக்கி மொழியின் வினைகள்மீது நெடுநாளாக ஓர் ஈர்ப்பு இருந்தது. அவரை 'அச்சோ-லே' என்று அழைக்கக் கற்றுக்கொண்டேன். அச்சோ என்றால் அண்ணன். லே என்பது மரியாதை விகுதி. அவர் என்னை 'நோமோ-லே' என்றார், தங்கை என்ற பொருளில். இந்தியில் பேசிக்கொள்வோம், இடையிடையே நான் லடாக்கி வாக்கியங்களைக் கேட்டு ஏட்டில் குறித்துக்கொள்வேன்.

துறைக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். தமிழில் 'இருக்கிறது' என்று ஒரே சொல்லால் முடிக்கும் இடத்தில் லடாக்கியர் மூன்று சொற்களிலிருந்து ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். தமக்கே உரிய, முன்பே உறுதியாக அறிந்த செய்தி என்றால் 'யோத்'. கண்ணால் கண்டு அறிந்தது என்றால் 'துக்'. கண்ணால் அல்லாமல் தொட்டோ, சுவைத்தோ, கேட்டோ, உடலுக்குள் உணர்ந்தோ அறிந்தது என்றால் 'ரக்'. குளிர்கிறது என்பதற்கு 'டங்மோ ரக்' என்பார்கள். தேநீர் சுவையாக இருக்கிறது என்பதற்கு 'ஜிம்போ ரக்'. உலகின் பல மொழிகளில், சொல்லும் செய்தியை எவ்வழியில் அறிந்தோம் என்பதை இலக்கணமே கேட்டு வாங்கிக்கொள்கிறது. இத்தகைய கூறுகளைச் சான்றுக்குறிகள் என்று தமிழில் சொல்லலாம். நம்மிடமும் ஒன்று உண்டு. 'வந்தானாம்' என்னும்போது ஒட்டிக்கொள்ளும் 'ஆம்', நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்கிறது. ஆனால் கண்டதற்கும் உணர்ந்ததற்கும் இடையே தமிழ் வினை வேறுபாடு காட்டுவதில்லை.

வினை காட்டாததைத் தமிழ் மரபு வேறிடத்தில் காட்டியிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருள்நந்தி சிவாசாரியாரின் சிவஞானசித்தியார், காட்சி என்னும் அளவையை வாயிற்காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என நான்காகப் பகுக்கிறது. இவற்றுள் தன்வேதனைக் காட்சி என்பது, ஒருவர் தமக்குள் நிகழும் இன்பதுன்பங்களைத் தாமே அறிவது. 'ரக்' இதனினும் விரிவானது என்றாலும், தலைவலியை 'ரக்' கொண்டு சொல்லும்போது அது தன்வேதனைக் காட்சியேதான். பிறர் தலைவலியைப் பொதுவாக 'ரக்' போட்டுச் சொல்ல முடியாது. அவர் முகத்தைப் பார்த்து 'துக்' என்றுதான் சொல்லலாம். கேலாங்கில் ஓய்வெடுத்த நான்காம் நாள் இதை அச்சோ-லேயிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "உன் வலி உனக்குத்தானே தெரியும், இதற்கு ஒரு புத்தகமா?" என்றார்.

ஏழாம் நாள் காலை நாங்கள் சர்ச்சுவில் இருந்தோம். இமாசலப் பிரதேசமும் லடாக்கும் சந்திக்கும் எல்லையையொட்டிய சமவெளி அது. உயரம் சுமார் 4,290 மீட்டர். மூச்சொன்றுக்குக் கிடைக்கும் உயிர்வளி, கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி. இந்தச் சாலையில் அதைக் காப்பது எளிதன்று. 3,080 மீட்டரில் உள்ள கேலாங்கை விட்டால் எங்கள் அடுத்த கூடாரம் ஜிங்ஜிங்பாரில், சுமார் 4,200 மீட்டருக்கு மேல். அதற்கு மறுநாள் பாராலாச்சா கணவாயைக் கடந்து சர்ச்சு.

குழுத்தலைவர் நாள்தோறும் காலையில் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து நான்கு கேள்விகள் கேட்பார். தலைவலி, பசியின்மை அல்லது குமட்டல், சோர்வு, தலைசுற்றல். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை நாமே எண் சொல்ல வேண்டும். உயரநோயை அளக்க உலகெங்கும் பயன்படும் லேக் லூயிஸ் மதிப்பெண் முறை இது. 2018இல் திருத்தப்பட்ட வடிவில், தலைவலியும் இருந்து கூட்டுத்தொகை மூன்றை எட்டினால் உயரநோய் என்று கொள்ள வேண்டும். எங்கள் குழுவின் விதி எளியது: மூன்று வந்தால் அன்று ஏற்றம் இல்லை.

அன்று என் உண்மையான எண்கள் எனக்குத் தெரிந்தே இருந்தன. தலைவலி இரண்டு, இரவு முழுவதும் நெற்றிப்பொட்டில் யாரோ அம்மிக்கல்லை உருட்டுவதுபோல் இருந்தது. குமட்டல் ஒன்று. சோர்வு ஒன்று. மொத்தம் நான்கு. வட்டத்தில் நான் ஐந்தாவதாக நின்றேன். எனக்கு முன் நின்ற நால்வரும் தலைவலி பூஜ்யம் என்றே சொல்லியிருந்தார்கள். என் முறை வந்தபோது நானும், "பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம்" என்றேன். அந்த 'ஒன்று' எதற்கு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாம் பூஜ்யம் என்றால் நம்பமாட்டார்கள் என்று சோர்வுக்கு மட்டும் ஒன்றைச் சேர்த்தேன். பொய்யை நம்பும்படி செய்ய ஒரு துளி உண்மையைக் கலந்தேன்.

எனக்கு அடுத்து நின்றவள் பாலக்காட்டுப் பெண். அவளும் நான் சொன்ன நான்கு எண்களையே சொன்னாள். தலைவர் எழுதிக்கொண்டார்.

சர்ச்சுவிலிருந்து முதல் 24 கி.மீ. சாராப் ஆற்றையொட்டிய பாதை; பெரும்பாலும் சமதளம். இருபுறமும் மண்நிற மலைகள். காற்றும் நீரும் அரித்து, கோபுரங்களைப் போல நிற்கும் மண்தூண்கள். வழியில் பிராண்டி நாலா என்றோர் ஓடை. மலைக்கு அப்பால் விஸ்கி நாலா என்று மற்றொன்று. அன்றைய திட்டம் அந்த விஸ்கி நாலா வரை, ஏறக்குறைய 50 கி.மீ. வழக்கமாக இத்தகைய பெயர்களைக் கண்டால் மணிக்கணக்கில் பேசுபவள் நான். அன்று எதுவும் பேசவில்லை. முன்சக்கரத்துக்கு முன்னால் உள்ள இரண்டு கெஜம் சாலையை மட்டுமே பார்த்துக்கொண்டு மிதித்தேன். பாலக்காட்டுப் பெண் என் பின்னாலேயே வந்தாள். மற்ற ஏழு பேரும் முன்னால் சென்றுவிட்டார்கள். அவள் எனக்குத் துணையாக வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருகிறாள் என்று எண்ணி உள்ளூர நெகிழ்ந்தேன்.

காட்டா வளைவுகளின் அடிவாரத்தில் டெம்போ நின்றிருந்தது. அச்சோ-லே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். முதல் மிடறிலேயே வயிறு புரண்டது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தம்ளரை உயர்த்தி, "ஜிம்போ ரக், அச்சோ-லே" என்றேன். எந்த மொழியில் பொய் சொன்னாலும் பொய்தான். ஆனால் தமிழில் 'நன்றாக இருக்கிறது' என்றிருந்தால் அது ஓர் உபசார வார்த்தையாகக்கூட ஒதுங்கியிருக்கும். 'ரக்' போட்டதால், என் நாவே அறிந்தது என்று சாட்சியும் சேர்த்துச் சொல்லியிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அடுப்பை அணைத்தார். பின்சக்கரம் ஒன்றில் காற்று இறங்கியிருப்பதாகவும், அதை மாற்றிவிட்டுப் பின்னால் வருவதாகவும் சொன்னார்.

காட்டா வளைவுகள் மொத்தம் 21. சுமார் 4,190 மீட்டரில் தொடங்கி 4,660 மீட்டருக்கு மேல் கொண்டுபோய்விடும் கொண்டையூசி வளைவுகள். சரிவு அவ்வளவு கடுமையானதல்ல. நம் கொல்லிமலைச் சாலையில் அதைவிடச் செங்குத்தான இடங்கள் உண்டு. கடினம் காற்றில்தான். 50 முறை மிதித்தால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது, பிறகு 30 முறை, பிறகு 20. ஒவ்வொரு வளைவிலும் கீழே பார்த்தால், கடந்துவந்த சாலை மடித்துவைத்த கயிறுபோலக் கிடந்தது. எட்டாம் வளைவுக்குப் பின் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அந்த வளைவுகளில் ஒன்றின் ஓரத்தில் ஒரு சிறு மாடம் இருக்கிறது. அதைச் சுற்றித் தண்ணீர்ப் போத்தல்கள் நூற்றுக்கணக்கில் குவிந்து கிடக்கும். சிகரெட்டுகளையும் வைத்திருப்பார்கள். நாங்கள் இருவரும் அங்கே இறங்கி அமர்ந்தோம். முந்தைய இரவு யாரோ சொல்லக் கேட்ட கதையை அவள் மலையாளத்தில் சொன்னாள். பனிக்காலம் தொடங்கும் நேரத்தில் ஒரு லாரி இங்கே பழுதாகி நின்றதாம். ஓட்டுநர் கிளீனரை வண்டிக்குக் காவலாக வைத்துவிட்டு உதவி தேடிப் போனாராம். பனி பெய்து வழி அடைபட்டதாம். திரும்பிவரும்போது கிளீனர் இறந்து கிடந்தானாம். அதன்பின் இந்த வளைவில் ஒருவன் கைநீட்டித் தண்ணீர் கேட்பதைப் பலர் கண்டார்களாம். வாக்கியத்துக்கு வாக்கியம் அவள் 'அத்ரே' என்று முடித்தாள். நம் 'ஆம்' செய்யும் வேலையை மலையாளத்தில் 'அத்ரே' செய்யும். கேட்டதைக் கேட்டதாகவே சொல்கிறாள், எவ்வளவு நேர்மையான இலக்கணம் என்று அந்த நிலையிலும் என் மனம் குறித்துக்கொண்டது.

கதை முடிந்ததும் அவள் அதே குரலில், "சேச்சி, எனக்கு நேற்று ராத்திரியிலிருந்து தலை பிளக்கிறது" என்றாள். இதற்கு 'அத்ரே' இல்லை.

"காலையில் பூஜ்யம் என்றாயே?"

"சேச்சி பூஜ்யம் சொன்னீர்களே. உங்களுக்கும் ராத்திரி தூக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும், பக்கத்தில்தானே படுத்திருந்தேன். அப்படியும் நீங்கள் பூஜ்யம் என்றீர்கள். அப்படியானால் இந்த அளவு வலியைப் பூஜ்யம் என்றுதான் சொல்ல வேண்டும்போல என்று நினைத்தேன்."

சொல்லிவிட்டு எழுந்தாள், இரண்டடி வைத்து, பக்கவாட்டில் சரிந்து, மாடத்தின் அருகே வாந்தியெடுத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குத் துணையாக அவள் மெதுவாக வரவில்லை. அவளால் அவ்வளவுதான் முடிந்திருக்கிறது. காலையிலிருந்து மூன்று மணிநேரமாக என் பின்னால் வந்தவளை நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்திருக்கவில்லை. என் வலியை மறைக்கும் வேலையே என் கவனம் முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தது.

கைப்பேசியில் அலைவரிசை இல்லை. மேலே சென்றவர்கள் எத்தனை வளைவு தள்ளி இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அவளை உட்காரவைத்துத் தோளோடு அணைத்துக்கொண்டிருந்தேன். அவள் பேச்சு குழறத் தொடங்கியது. மலையாளத்தில் தொடங்கிய வாக்கியம் முடியாமல் நின்றது. முன்னே குவிந்துகிடந்த போத்தல்களைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. டெம்போவின் ஓசை கீழிருந்து கேட்க எவ்வளவு நேரமாயிற்று என்று என்னால் சொல்ல முடியாது. 20 நிமிடம் என்று பின்னர் அச்சோ-லே சொன்னார்.

அவர் இறங்கிவந்து எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. சாலையோர வெள்ளைக்கோட்டைக் காட்டி, குதிகாலும் பெருவிரலும் ஒட்டுமாறு அடிமேல் அடிவைத்து அதன்மேல் நடக்கும்படி அவளிடம் சைகை செய்தார். மூன்றாம் அடியில் அவள் கோட்டைவிட்டு விலகி அவர் கையில் விழுந்தாள். நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, உயரநோய் மூளையைத் தொடத் தொடங்கிவிட்டதன் அடையாளம். இதற்கு நோயாளி எண் சொல்லத் தேவையில்லை. பார்க்கும் கண் போதும்.

பிறகு என்னையும் நடக்கச் சொன்னார். நான் நேராகத்தான் நடந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துத் தமக்குத்தாமே லடாக்கியில் ஒரு வாக்கியம் சொன்னார். அதன் சொற்கள் எனக்கு முழுதும் பிடிபடவில்லை. முடிவு மட்டும் தெளிவாகக் கேட்டது: 'துக்'. காலையில் நான் 'ரக்' என்று சொல்லியிருக்க வேண்டியதை, நான் சொல்லாத காரணத்தால், அவர் கண்ணால் பார்த்துச் சொன்னார்.

"நோமோ-லே, நீயும் வண்டியில் ஏறு" என்றார். ஏறினேன். டெம்போவில் ஏறுவது இவ்வளவு எளிதானதா என்றிருந்தது.

உயரநோய்க்கு முதல் மருந்து இறங்குவது. ஆனால் இந்தச் சாலையின் அமைப்பு கொடியது. முன்னால் போனால் நாக்கீ கணவாய், அதற்கப்பால் 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுலுங் கணவாய். பின்னால் போனால் சர்ச்சு. அது தூங்குவதற்கே உயரமான இடம். அதைவிடத் தாழ வேண்டுமென்றால் சுமார் 4,890 மீட்டர் உயரமுள்ள பாராலாச்சாவின்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். இறங்குவதற்கு முதலில் ஏற வேண்டும். அச்சோ-லே யோசிக்கவே இல்லை. வண்டியில் இருந்த உயிர்வளி உருளையைத் திறந்து முகமூடியை அவளுக்குப் பொருத்தினார். மேலே போய்க்கொண்டிருந்த ஒரு லாரியை நிறுத்தி, வழியில் மிதிவண்டிக்காரர்களைக் கண்டால் எல்லோரையும் சர்ச்சுவுக்குத் திரும்பச் சொல்லும்படி செய்தி அனுப்பினார். கூடாரங்கள் டெம்போவில் இருந்தன. அவர்கள் மேலே தங்க வழியில்லை. எங்கள் பொருட்டு ஏழு பேரும் தாங்கள் ஏறிய வளைவுகள் அத்தனையும் இறங்க வேண்டியதாயிற்று. அவர்களுடைய கூடாரங்களையும் உணவையும் சர்ச்சுவில் இறக்கி ஒப்படைத்துவிட்டு நேரே கேலாங்கை நோக்கி ஓட்டினார்.

பாராலாச்சாவில் ஏறும்போது அவள் தலை என் மடியில் இருந்தது. சாலை வளைய வளைய, அவள் பெயரையும் ஊரையும் வளாகத்தில் அவள் தங்கும் விடுதியின் பெயரையும் திரும்பத்திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். கணவாயின் உச்சியில் விடுதிப் பெயரைச் சொல்ல அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. ஜிங்ஜிங்பாரைக் கடந்தபோது விரைந்து சொன்னாள். தார்ச்சாவில், "சேச்சி, இதை எத்தனை தடவை கேட்பீர்கள்" என்று எரிச்சலோடு கேட்டாள். என் வாழ்நாளில் யாருடைய எரிச்சலும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை. மாலை ஆறு மணியளவில் கேலாங் மருத்துவமனையில் அவளைச் சேர்த்தோம். இன்னும் சில மணிநேரம் மேலேயே இருந்திருந்தால் என்று மருத்துவர் தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டார்.

அன்றிரவு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தபோது என்னை வதைத்தது, பொய் சொன்னோமே என்ற அறவுணர்வைவிட வேறொன்று. களப்பணி முறைகள் பற்றிய பாடத்தில் முதல் வாரமே கற்பிக்கப்படும் செய்தி உண்டு: ஒரு வாக்கியம் உன் மொழியில் சரியா என்று தகவலாளர்களைக் கூட்டமாக வைத்துக் கேட்காதே. முதலில் பேசுபவரின் விடை அடுத்தவரின் விடையாகிவிடும். அதிலும் மூத்தவர் சொன்னதை இளையவர் மறுக்கமாட்டார். பழங்குடி ஊர்களில் களப்பணி செய்தபோது இதைக் கவனமாகக் கடைப்பிடித்திருக்கிறேன். இளைய ஆய்வாளர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று காலை வட்டத்தில் நின்றபோது, நானே ஒரு தகவலாளர் என்பதும், எனக்கு அடுத்து ஓர் இளையவள் நிற்கிறாள் என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை. என் பூஜ்யம் என்னைப் பற்றிய செய்தி மட்டும், அதை மறைக்க எனக்கு உரிமை உண்டு என்று எண்ணியிருந்தேன். அவளுக்கோ அது ஓர் அளவுகோல். எனக்கு முன் நின்ற நால்வரின் பூஜ்யங்களில் எத்தனை உண்மையானவை என்பதும் எனக்குத் தெரியாது. ஒருவேளை என் அளவுகோலும் அவர்களில் ஒருவரிடமிருந்து வந்ததுதானோ என்னவோ.

இந்தப் பதிவை வாசிப்பவர்களில் பெரும்பாலோர் ஆய்வாளர்களும் மாணவர்களும் ஆசிரியர்களுமே. நமக்கெல்லாம் இன்னொரு வட்டமும் உண்டு. துறையின் தாழ்வாரத்தில் எதிர்ப்படும் நெறியாளர் "இயல் எந்த அளவில் இருக்கிறது?" என்பார், "போய்க்கொண்டிருக்கிறது" என்போம். ஆறு மாதமாக ஒரு வரிகூட எழுத முடியாமல், இரவில் உறக்கமும் இல்லாமல் இருப்பவரும் அதையேதான் சொல்வார். அருகில் நிற்கும் முதலாண்டு மாணவி அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். தனக்கு மட்டும்தான் முடியவில்லை என்று அவள் முடிவுசெய்வாள். இந்த ஓராண்டில் நான் செய்த ஒரே மாற்றம், யாரேனும் கேட்டால் என் எண்ணை உள்ளபடி சொல்வது. நெறியாளர் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டாம் இயலின் கெடுவைத் தள்ளிவைத்தார், அவ்வளவுதான்.

அந்த நாளின் கணக்கு மறுநாள் விடியற்காலையில்தான் முடிந்தது. அச்சோ-லே மற்றவர்களை அழைத்துச்செல்லச் சர்ச்சுவுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. குழுத்தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி அவரிடம் கொடுத்தேன். அதில் நேற்றைய காலைக்கான என் உண்மை எண்களைத் தேதியிட்டு எழுதியிருந்தேன்: இரண்டு, ஒன்று, ஒன்று, பூஜ்யம். அவற்றைக் கேட்டு அவளும் பூஜ்யம் சொன்ன விவரத்தையும் மறைக்கவில்லை. இனிமேல் ஒவ்வொருவரையும் தனியே அழைத்துக் கேட்கும்படி வேண்டியிருந்தேன். அன்று காலையே அவர் அப்படிச் செய்தாராம். ஏழு பேரில் இருவருக்குத் தலைவலி இருந்ததாம். சர்ச்சுவில் ஒருநாள் கூடுதலாகத் தங்கிவிட்டு அவர்கள் லே போய்ச் சேர்ந்தார்கள். இவையெல்லாம் பின்னர் கேள்விப்பட்டவை.

நான் நேரில் அறிந்தது இது. மருத்துவமனை வாசலில் டெம்போவின் பின்கதவைத் திறந்து அச்சோ-லே அடுப்பைப் பற்றவைத்தார். உள்ளே அவள் உறங்கிக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு சீராக இருப்பதைச் சற்றுமுன்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பாகா ஆற்றின் பக்கமிருந்து குளிர்காற்று வீசியது. அவர் தம்ளரில் தேநீர் ஊற்றி நீட்டினார். குடித்தேன். குமட்டல் முழுதும் தணிந்திருக்கவில்லை. பாலும் சர்க்கரையும் நாவில் மண்போல இருந்தன. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜிம்போ மி ரக், அச்சோ-லே" என்றேன். சுவையாக இல்லை.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தம்ளரை என் கையிலிருந்து வாங்கி மிச்சத்தைக் கீழே ஊற்றிவிட்டு, வெறும் வெந்நீர் வைக்க ஆரம்பித்தார்.